காலரா நஞ்சு பிறந்த கதை

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவித்தார்கள். ‘வாந்திபேதி’ என்ற பழைய பேச்சு எங்கள் குருசுக்குப்பத்திலும் மறுபடி காதில் விழுந்தது. அந்த நோய் முற்றினால் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர்கூட நீர் இழக்கலாம். அவ்வளவுக்கும் காரணம் கிருமி சுரக்கும் ஒரு நஞ்சு.

1884இல் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்த ராபர்ட் கோக், அது நஞ்சு சுரக்கும் என்று ஊகித்தார். 75 ஆண்டுகள் அது யார் கைக்கும் சிக்கவில்லை. அதே நகரத்து ஆய்வாளர் சம்புநாத் தே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் கட்டினார். கிருமி வளர்ந்த சாற்றை ஒரு கிருமிகூட மிஞ்சாமல் வடிகட்டி உள்ளே செலுத்தினார். குடல் நீர் கோத்து ஊதியது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் நோபலுக்குப் பரிந்துரைத்தும் தேவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நஞ்சு கிருமிக்குள் பிறக்கும் விதம் இன்னும் வியப்பானது. கிருமிக்கு இரண்டு சவ்வுகள். நஞ்சின் ஆறு துண்டுகளும் (ஒரு ஏ, ஐந்து பி) மடியாத இழைகளாக உள் சவ்வைத் தாண்டி இடைவெளிக்கு வருகின்றன. கட்டுமரத்தைக் கரையிலேயே கட்டி முடித்துத்தான் கடலில் தள்ளுவார்கள். இங்கும் ஐந்து பி வளையமாகி ஏயைத் தாங்கிய பிறகே வெளிச் சவ்வின் வாசல் வழிவிடும். அதற்குக் கைகொடுப்பது டிஎஸ்பிஏ என்ற துணைப் புரதம். ஒவ்வொரு பி இழையிலும் உள்ள இரண்டு கந்தக முனைகளை அது பிணைக்கிறது. பிணைப்பு விழாவிட்டால் வளையம் கூடாது, நஞ்சும் வெளியேறாது. பிணைத்த புரதமோ உள்ளேயே தங்கி அடுத்த இழைக்குப் போய்விடும்.

இதை 1992இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. டிஎஸ்பிஏயின் மரபணுவைக் கெடுத்தபோது, குடலில் குடியேற உதவும் மயிரிழைகளும் செயலிழந்தன. ஒரே புரதத்தில் கிருமியின் இரண்டு ஆயுதங்களும் தொங்குகின்றன! அதே ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா தலைகாட்டியது. கிருமியின் மேலுறை மாறியிருந்தது. நஞ்சு மாறவில்லை.

பிளேக் கிருமியிடம் கதை நேர்மாறு. அங்கே துணைப் புரதங்கள் நச்சுப் புரதத்தை முழுதாக மடியவிடாமல் பிடித்து, நம் செல்லுக்குள் குத்தும் நுண்குழாயின் வாய்க்குக் கொண்டுசேர்க்கின்றன.

டிஎஸ்பிஏயை முடக்கும் வேதிப்பொருள்களை இப்போது தேடிவருகிறார்கள். கிருமி உயிரோடு இருக்கட்டும், நஞ்சைக் கட்ட மட்டும் முடியாமல் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு.