தாயையும் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை

ஆம்பூரில் பொழுது விடிந்ததும் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் புறப்பட்டுவிடும். அவற்றில் ஒன்றில் நாள்தோறும் செல்லும் ஒரு தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். "படித்தவர்" என்ற நம்பிக்கையில் வந்திருந்தார். அவருடைய மகன் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறான், பள்ளிக்குப் போக மறுக்கிறான். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. தாயத்துக் கட்டியாயிற்று, மந்திரித்தும் ஆயிற்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "சார், நான் வேலைக்குப் போறதாலதான் புள்ள இப்படி ஆயிட்டானா? வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

இந்தக் கேள்வி அந்த அம்மாள் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இதற்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான பகுதி நமது ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், வேலூரை அடுத்த பாகாயத்தில் நடந்தது.

மனநோய்க்கான மருத்துவமனைகள் நமக்குப் புதியவை அல்ல. சென்னையில் 1794-லேயே ஒரு காப்பகம் இருந்தது. கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் 1871-இல் திறக்கப்பட்டது. ஆனால் அவை பெரியவர்களுக்காக எழுந்த மதிற்சுவர்கள். குழந்தைக்கும் மனநோய் வரும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. குழந்தை மனநோய் மருத்துவம் என்ற பெயரில் ஆங்கிலத்தில் முதல் பாடநூல் 1935-இல்தான் வெளிவந்தது. அதை எழுதியவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர். இந்தியாவில் குழந்தைகளுக்கான வழிகாட்டு நிலையம் 1937-இல் பம்பாயில், டாட்டா சமூகப்பணிக் கல்விக்கூடத்தின் சார்பில் தோன்றியது.

இதே கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறர் முகத்தைப் பாராமல், தம் உலகில் தாமே மூழ்கி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் குழந்தைகள். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதன் முதல் தெளிவான விவரம் அதில்தான் உள்ளது. கூர்மையான பார்வை கொண்ட மருத்துவர் அவர். ஆனால் அந்தப் பெற்றோர்களிடம் பாசத்தின் வெதுவெதுப்புக் குறைவாக இருந்ததாகவும் அவருக்குத் தோன்றியது. பின்னாளில் குளிர்பதனப் பெட்டியை உவமையாகச் சொன்னார். உவமை வேகமாகப் பரவிற்று. சிகாகோவில் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே நோய்க்குக் காரணம் என்று கருதி, பெற்றோரைக் குழந்தைகளிடமிருந்து விலக்கியே வைத்தார். 1967-இல் அவர் எழுதிய நூலைப் படித்து எத்தனை தாய்மார்கள் உள்ளுக்குள் உடைந்தார்களோ!

இதை மறுத்தவர்களில் முன்நின்றவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியல் படித்தவர், அதைவிட முக்கியம், ஆட்டிசம் உடைய ஒரு பையனின் தகப்பனார். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்த நிலை என்று 1964-இலேயே எழுதினார். சோதனைச் சான்று 1977-இல் வந்தது. லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு வகையினருக்கும் வீடு ஒன்று, தாய் ஒருவர். அப்படியிருக்க இந்த வேறுபாடு ஏன்? மரபணுவின் பங்கைத் தவிர வேறெதைச் சொல்ல முடியும்?

இனி பாகாயத்துக்கு வருவோம். 1950-களில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மனநோய் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் கனடா நாட்டிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற பெண் மருத்துவர். பாகாயத்தில் மனநல மையம் 1957-இல் அமைந்தது. அங்கே நோயாளியைத் தனியாக விட்டுச் செல்ல இயலாது. குடும்பத்தினர் ஒருவராவது உடன் தங்க வேண்டும். உண்பது, உறங்குவது, மருத்துவரோடு பேசுவது எல்லாவற்றிலும் குடும்பம் கூடவே இருக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நமக்கு இது ஒரு புதுமையாகவே படாது. நம் ஊரில் யாரை மருத்துவமனையில் சேர்த்தாலும் தூக்குச் சட்டியும் பாயுமாக ஓர் அத்தையோ பாட்டியோ கூடவே போய்விடுவார். ஆனால் அன்றைய இங்கிலாந்தை எண்ணிப் பாருங்கள். சாதாரண நோய்க்குச் சேர்க்கப்பட்ட குழந்தையைக்கூடத் தாய் விரும்பியபோது பார்க்க முடியாது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை நாளுக்கு நாள் வாடுவதை 1952-இல் திரைப்படமாக எடுத்துக் காட்டிய பிறகுதான் மருத்துவர்களிடையே விவாதம் எழுந்தது. பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று அரசுக் குழு பரிந்துரைத்தது 1959-இல். ஆக, ஓரிடத்தில் குழுவும் அறிக்கையும் தேவைப்பட்ட காரியம், மற்றோரிடத்தில் வழக்கத்தின் பலத்தாலேயே நடந்தது. வேலூர் மருத்துவர்களின் பெருமை, அந்த வழக்கத்தை இடைஞ்சலாகக் கருதாமல் சிகிச்சையாக மாற்றியதில் இருக்கிறது. கோல்மேயர், ஃபெர்னாண்டஸ் ஆகிய இருவர் இம்முறையை 1963-இல் அமெரிக்க மனநோய் மருத்துவ இதழில் விவரித்தார்கள்.

பாகாயத்தில் வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கென 'நம்பிக்கை நிலையம்' என்று ஒரு பிரிவு உண்டு. குழந்தையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுவார்கள். இம்முறை உண்மையில் பயன் தருகிறதா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 57 பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 10 வாரம் குழுவாக அமர்ந்து கலந்து பேசிக் கற்கும் பயிற்சி அளித்தனர்; மற்றவர்களுக்கு விரிவுரை மட்டும். கலந்து பேசியவர்களின் மனப்பாங்கே கூடுதலாக மேம்பட்டது என்ற முடிவு 1999-இல் வெளியாயிற்று. வகுப்பறையில் விரிவுரையையே நம்பிப் பிழைக்கும் எனக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

எத்தனை குழந்தைகளுக்கு இத்தகைய தொல்லைகள் உள்ளன? மனத்தை எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் 1964-65-இல் ரட்டர் குழுவினர் 10, 11 வயதுக் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே வினாத்தாள் கொடுத்தனர். இரு பட்டியல்களிலும் இடம்பெற்ற குழந்தைகள் மிகச் சிலரே. இரண்டு மானிகள் இரண்டு அளவு காட்டினால், ஏதோ ஒன்று பழுது என்றுதான் ஆய்வுக்கூடத்தில் நினைப்போம். இங்கே இரண்டுமே பழுதில்லை. வீட்டில் வாய் மூடாத பிள்ளை வகுப்பில் ஊமையாக இருப்பான்; இருவர் சொல்வதையும் கேட்டுக் குழந்தையையும் நேரில் கண்டால்தான் உண்மை புலப்படும். அத்தீவில் கிடைத்த விகிதம் 6.8 சதவீதம்.

வேலூர் நகரில் வர்கீஸ், பெய்க் இருவரும் 4 முதல் 12 வயது வரையுள்ள 747 குழந்தைகளை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட விகிதம் 8.2 சதவீதம். பின்னர் கேரளத்தில் 1999-இல் 9.4, பெங்களூரில் 2005-இல் 12.5; 13 முதல் 17 வயதினரிடம் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 7.3. வயதும் வரையறையும் வேறு வேறாதலால் இவற்றை வரிசைப்படுத்தி, எந்த ஊர் மோசம் என்று பேசுவது தவறு. 50 பேர் உள்ள வகுப்பில் மூன்று முதல் ஆறு பேர் வரை இருப்பார்கள் என்று கொண்டால் போதும். அவர்களில் பெரும்பாலோர் முரட்டுத்தனமோ பிதற்றலோ காட்டுவதில்லை. வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், கைகளை ஓயாமல் கழுவுதல், வலிப்புப் போன்ற மயக்கம், திடீரென்று மதிப்பெண் சரிவு என்று வேறு வேடங்களில் வரும். வளரிளம் பருவத்து மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். அதைத் திமிர் என்று சொல்லி அடிப்போரே அதிகம்.

அடுத்து வருவது கசப்பான எண். வேலூரைச் சூழ்ந்த கணியம்பாடி ஒன்றியத்தில், ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களிடையே, கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பிறப்பு இறப்புகளைப் பதிந்து வருகிறார்கள். ஒருவர் இறந்தால் குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டுக் காரணத்தை அறிவார்கள். 1992 முதல் 2001 வரை பத்தாண்டுப் பதிவுகளில் 10 முதல் 19 வயதினரின் மரணங்களை ஆராய்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பையன்களில் 58. லட்சம் பெண்களில் 148. அவ்வயதில் இறந்த பெண் பிள்ளைகளில் பாதி முதல் முக்கால் பங்கினர் தற்கொலையால் இறந்தவர்கள். உலகில் அதுவரை வெளியான விகிதங்களைவிட இது பல மடங்கு அதிகம். நம் பெண்கள் மட்டும் உலகிலேயே அதிகம் துன்புற்றார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மற்ற பல இடங்களில் இவ்வாறு வீடு தேடிச் சென்று கேட்டவர்கள் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டில் "வயிற்றுவலி தாங்காமல்" என்ற ஒரே வரியில் மறைந்துபோன பெண்கள் எத்தனையோ பேர்.

பாகாயத்து முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தாய் வாரக்கணக்கில் உடன் தங்கினால் அவருடைய கூலி என்னாவது? ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு விடுப்பும் சம்பளமும் சேர்ந்து கிடைப்பது அரிது. தகப்பனார்களும் தங்கலாம், தங்குவோர் குறைவு. இந்தச் செலவை எந்த ஆய்வின் அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது என்கிறது. சேர்த்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை பெற்றோரோ அவர் அமர்த்தும் துணையாளரோ உடன் இருந்தே தீர வேண்டும் என்கிறது. பெண் பிள்ளையாக இருந்து, பொறுப்பாளர் ஆணாக இருந்தால், ஒரு பெண் துணையிருக்க வேண்டும்.

என்னிடம் வந்த தாய்க்கு, "அம்மா, நீங்கள் வேலைக்குப் போவது காரணம் என்று யாரும் அளந்து கண்டதில்லை, வகுப்பில் அவனுக்கு எழுத்துக் கூட்டுவது கடினமா, யாராவது மிரட்டுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்" என்றேன். மருத்துவரிடம் போகும்போது பள்ளி நோட்டுகளையும், எந்தெந்த நாளில் வலி வந்தது என்ற குறிப்பையும் எடுத்துப் போகச் சொன்னேன். அவர்கள் சென்றார்கள்; மற்றவை அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். உடனே செல்ல இயலாதவர்களும், சாக வேண்டும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லக் கேட்டவர்களும், 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள்.