யாத்திரிகனும் உடையும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களைத் தன்னகத்தே கொண்டுள்ள கதிரவெளி என்னும் தமிழ்க் கிராமத்திலிருந்து ஒருவன் வடக்கே சென்று, வெருகலில் சித்திரவேலாயுத சுவாமியின் சந்நிதியை அடைவானாயின், மேற்சட்டையைக் களைந்து வெற்று மார்போடு உள்ளே புகுவான். அவனே வாகரை வழியாகத் தெற்கே இறங்கி ஓட்டமாவடியை அடைந்தால், முஸ்லிம்கள் நிறைந்து வாழும் அவ்வூர்க் கடைத்தெருவில் சாரத்தோடு ஒரு சட்டையும் இருக்க வேண்டுமென்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அயலவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிக் கற்ற உசிதம் இது. தூரதேசத்துப் பிரயாணிக்கு அந்தப் பழக்கம் இல்லை. சங்கடமெல்லாம் அவன் வரவோடுதான் ஆரம்பிக்கிறது.

இச்சங்கடத்தின் சரித்திரத்தில் நமக்குச் சமீபமானதும், ஒருவாறு வேடிக்கையானதுமான அத்தியாயம் மாலைதீவில் நிகழ்ந்தது. மொரோக்கோ தேசத்து யாத்திரிகரான இப்னு பதூதா, தில்லி சுல்தானின் சேவையை விட்டு நீங்கி, 1343ஆம் ஆண்டில் அத்தீவுகளை அடைந்தபோது, அங்கே ஆட்சி புரிந்தவர் கதீஜா என்னும் அரசி. குடிகள் யாவரும் முஸ்லிம்கள், பக்தியிலும் குறைந்தவர்களல்லர், ஆயினும் அந்நாட்டுப் பெண்டிரிற் பெரும்பாலோர் இடையிலிருந்து தரைவரை ஓர் ஆடையை மட்டும் உடுத்து, மேலுடல் மறையாமலே சந்தைக்குச் சென்று வந்தார்கள். அரசியும் தலையில் முக்காடிடுவதில்லை. காஜியாக நியமனம் பெற்ற இப்னு பதூதா இவ்வழக்கத்தை ஒழிக்க ஆக்ஞை பிறப்பித்தார், அது பலிக்கவில்லை. வழக்குக்காகத் தம் முன்னிலையில் வரும் பெண்கள் மட்டும் உடலை மூடிவர வேண்டுமென்று விதித்ததற்கு மேல் தம்மால் ஒன்றும் இயலவில்லை என்று அவரே தம் பிரயாண நூலில் ஒப்புக்கொள்கிறார். தம் வீட்டுப் பணிப்பெண்களுக்குத் தில்லி நாகரிகப்படி உடுத்துவித்துப் பார்த்தாராம். பழக்கமில்லாத அவ்வுடை அவர்களுக்கு அழகு செய்யவில்லை என்பதும் அவர் வாக்கே. வந்த இடத்தின் உடையை வந்தவன் திருத்தப் புகுந்தால் நேர்வது இதுதான் போலும்! மறு ஆண்டு அவர் இலங்கைக்குக் கப்பலேறிவிட்டார்.

காலம் புரண்டது. இன்று அதே மாலைதீவில், மக்கள் வாழும் தீவுகளுக்குள் வரும் வெளிநாட்டாரைத் தோளும் முழங்காலும் மறைய உடுத்துமாறு அவ்வூரார் கேட்கிறார்கள். 1972இல் உல்லாசப் பயணத் தொழிலைத் தொடங்கிய அந்நாடு, விருந்தினரைக் குடிகளில்லாத தனித் தீவுகளில் அமர்த்தி நெடுங்காலம் இப்பிரச்சினையைத் தவிர்த்து வந்தது. பிற்காலத்தில் மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதிகள் எழுந்தபோது, குளியலுடைக்கென்று கடற்கரையில் ஒரு பகுதியைப் பிரித்துவைக்க நேர்ந்தது. இது தந்திரமான ஏற்பாடுதான். ஆனால், விருந்தாளியும் வீட்டுக்காரரும் முகம் பார்த்துப் பழகுவதற்கு அதில் இடம் குறைவு.

நம் கரையில் அத்தகைய பிரிவினை சாத்தியமே இல்லை. பாசிக்குடாக் கடலில் நீராடும் வெள்ளைக்காரர், சில மைல் தூரத்தில் உள்ள ஓட்டமாவடிக்குப் பழம் வாங்கவோ பள்ளிவாசலைக் காணவோ ஈர உடையோடே புறப்பட்டுவிடலாம். அவர் மனத்தில் அவமதிப்பு இராது, அறியாமையே இருக்கும். ஆகவே, பாசிக்குடாவில் விடுதி நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் விருந்தினர் வெளியே புறப்படுமுன், அறிவிப்புப் பலகையைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடாமல், ஆளுக்கொரு சாரமும் சால்வையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்; மருதமுனைத் தறியில் நெய்ததாக இருந்தால் இன்னும் விசேஷம்.