ஊரார் யார்?

உரிமையைச் சட்டம் வழங்குவது ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அந்த உரிமை உரியவர் கைக்கு வந்து சேர்வதற்கோ சில வேளைகளில் ஒரு தலைமுறைக் காலமும் போதுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பிரேரி வியூ கல்லூரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வாலர் கவுண்டியில் உள்ள சிற்றூர் பிரேரி வியூ. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. கறுப்பின இளைஞர்களுக்கென 1876-ஆம் ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் நிறுவிய கல்லூரி இங்கேதான் அமைந்தது. முன்னாளில் அடிமைகள் உழைத்த பண்ணை நிலமே கல்லூரி வளாகமாயிற்று. அடிமைகளின் வழிவந்தோர் அங்கே கல்வி பயின்றனர். ஆனால் வாக்குச்சீட்டு அவர்களுக்கு எளிதில் எட்டவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று டெக்சாஸ் டெமாக்ரடிக் கட்சி வகுத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1944-இல்தான் நீக்கியது. வாக்களிக்க விரும்புவோர் தலைவரி செலுத்த வேண்டும் என்ற விதியோ 1966 வரை நீடித்தது.

இத்தடைகள் நீங்கிய பின்னும் மாணவர்களுக்கு வயது என்னும் தடை எஞ்சியிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிரம்பியவரே வாக்களிக்க முடியும். வியட்நாம் போர்க்காலத்தில் இது பெருங்கேள்வியாக எழுந்தது. போர்க்களத்தில் உயிர் கொடுக்கத் தகுதி பெற்ற இளைஞன், அந்தப் போரை நடத்தும் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவனா என்று மக்கள் வினவினர். அதன் விளைவாக, 18 வயதினர்க்கு வாக்குரிமை அளிக்கும் 26-ஆவது அரசியற்சட்டத் திருத்தம் 1971 மார்ச் மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேயே போதிய மாநிலங்களின் ஒப்புதலும் கிட்டிவிட்டது. அமெரிக்க வரலாற்றில் இத்துணை விரைவாக ஒப்புதல் பெற்ற திருத்தம் வேறொன்றில்லை.

பிரேரி வியூ மாணவர்கள் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சென்றனர். கவுண்டியின் வரி வசூல் அதிகாரியே வாக்காளர் பதிவாளராகவும் இருந்தார். லெராய் சிம் என்னும் அவர், மாணவர் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். இந்தக் கவுண்டியில் உனக்கு வீடோ சொத்தோ உண்டா? உன் மோட்டார் வண்டி இங்கே பதிவாகியுள்ளதா? உன் பெயரில் தொலைபேசி உள்ளதா? கல்லூரிக்கு வெளியே எந்த மாதா கோவிலில், எந்தச் சங்கத்தில் உறுப்பினன்? படிப்பு முடிந்தபின் என்ன செய்யப் போகிறாய்? விடுமுறையில் எங்கே தங்குகிறாய்? வினாக்கள் இவ்வாறு நீண்டன. பதிவாளருக்கு அறிமுகமானவர்கள் இவற்றுக்கு விடையளிக்க வேண்டியதில்லை. விடுதி அறையும் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களுமே உடைமையாகக் கொண்ட பதினெட்டு வயது மாணவன் என்ன விடை எழுதுவான்?

1972-இல் மாணவர் சிலர் தொடுத்த வழக்கு வெற்றி தரவில்லை. 1976-இல் மத்திய அரசே வழக்காட முன்வந்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் 1978-இல் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1979 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. கல்லூரி மாணவர்கள் தாம் பயிலும் ஊரிலேயே வாக்களிக்கலாம் என்னும் உரிமைக்கு அமெரிக்கா முழுவதிலும் இத்தீர்ப்பே அடிப்படையாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. 1992-இல் முறைகேடாக வாக்களித்ததாக மாணவர் பலர் மீது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டன. 2003-இல் அரசு வழக்கறிஞர் ஆலிவர் கிட்ஸ்மன், மாணவர்கள் இயல்பாகவே உள்ளூர் வாக்காளர் ஆகிவிட மாட்டார்கள் என்றும், தகுதியின்றி வாக்களித்தால் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார். மாணவர்கள் ஊர்வலம் சென்றனர், நீதிமன்றத்தையும் நாடினர். இறுதியில் அவர் மன்னிப்புக் கோரினார். 2008-இல், முன்கூட்டி வாக்களிக்கும் மையம் வளாகத்தில் இல்லாததைக் கண்டித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கவுண்டித் தலைநகரான ஹெம்ப்ஸ்டெட்டுக்கு ஏறத்தாழ ஏழு மைல் நடந்தே சென்று வாக்களித்தனர். 2011-இல் டெக்சாஸ் இயற்றிய சட்டமோ, வாக்குச்சாவடியில் காட்டத் தகுந்த அடையாளங்களுள் துப்பாக்கி உரிமச் சீட்டைச் சேர்த்தது. மாணவர் அடையாள அட்டையைச் சேர்க்கவில்லை. 2018-இல் வளாகத்தில் வாக்களிக்கும் நாள்கள் குறித்து மற்றுமொரு வழக்கு எழுந்தது.

உச்ச நீதிமன்றமே தீர்த்துவைத்த ஒரு வழக்கு ஏன் மீண்டும் மீண்டும் உயிர்பெறுகிறது? நிறப்பகை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதனினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. மாணவன் ஓர் ஊரில் தங்குவது நான்கு ஆண்டுகளே. உரிமை மறுக்கப்பட்டதை அவன் உணர்ந்து, வழக்காடி, வெற்றி காண்பதற்குள் பட்டம் பெற்று வெளியேறிவிடுகிறான். அலுவலகமோ அங்கேயே நிற்கிறது. புதிதாக வருவோர், முன்னவர் எதை வென்றனர் என்பதையே அறியாமல் முதற்படியிலிருந்து தொடங்குகின்றனர். மறதியே இங்கு வலிய தடையாகிறது.

இன்னொரு முரண்பாட்டையும் காண்க. 1950 முதலே அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் கல்லூரி மாணவர்கள் அவர்கள் தங்கிப் பயிலும் ஊரிலேயே எண்ணப்படுகின்றனர். தலைகளை எண்ணும்போது மாணவன் ஊராரில் ஒருவன். வாக்களிக்க வந்து நின்றால் மட்டும் வழிப்போக்கன்! அவன் இருப்பை ஏற்றுக்கொள்ளும் ஊர், அவன் குரலை ஏற்கத் தயங்குகிறது.

ஆகவே, இவ்வரலாறு நீதிமன்ற ஏடுகளோடு நின்றுவிடலாகாது. உயர்கல்விக்காகப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணத்தையும் விடுதியையும் விசாரிப்பதோடு, பிள்ளையின் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். கல்லூரியை விட்டுச் செல்லும் மூத்த மாணவர், பாடக் குறிப்புகளை இளையவரிடம் கொடுத்துச் செல்லும்போது, தாம் எந்த அலுவலகத்தில் என்ன கேட்டுப் பெற்றோம் என்பதையும் சொல்லிச் செல்ல வேண்டும். பிரேரி வியூவில் ஒவ்வொரு தலைமுறையும் முன்னவர் போராட்டத்தை நினைவிற் கொண்டு நடந்தமையால்தான், நான்கு ஆண்டுகளே தங்கும் மாணவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் உரிமையைக் காத்து நிற்க முடிந்தது.