டர்போவும் ஆயிலும்

எஞ்சின் கக்கும் புகையின் விசையைக் கொண்டே எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் கருவி டர்போசார்ஜர் ஆகும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905 ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். உயரமான இடங்களில் காற்று மெலிவதால் எஞ்சின் திணறும். 1918 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், சுமார் 14,000 அடி உயரத்தில், டர்போ பொருத்திய விமான எஞ்சினைச் சான்ஃபோர்டு மாஸ் இயக்கிக் காட்டினார்.

கனடாவின் பொம்பார்டியே நிறுவனம் 1959 ஆம் ஆண்டு ஸ்கீ-டூ என்ற பனிவண்டியை (ஸ்னோமொபைல்) விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலைப்பனியில் ஓட்டுவோர் பின்னாளில் இவ்வகை வண்டிகளிலும் டர்போ பொருத்தினர்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலமே. ஆயில் சில நொடிகள் வராவிட்டாலும் பேரிங் தேயத் தொடங்கிவிடும்.

சேதத்தை அறிவது எப்படி? எஞ்சின் நன்றாக ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றி, தண்டை விரலால் சுழற்ற வேண்டும். அது தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ பேரிங் கெட்டுவிட்டது எனலாம். பிரித்துப் பார்க்கையில் தண்டு நீலம் பூத்திருப்பது, ஆயில் இன்றிச் சூடேறியதன் அடையாளம்.

ஆயில் வரும் குழாயின் அடைப்பை நீக்காமல் புது டர்போ பொருத்தினால், அதுவும் பழையதன் வழியே போகும்.