குழித்தறியும் கால் நரம்பும்: ஆரணிப் பட்டு நெசவாளரிடையே சயாட்டிகா

கீழ் முதுகில் புறப்பட்டு, புட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கும் வலி சயாட்டிகா எனப்படுகிறது. இடுப்பு முள்ளெலும்புகளின் கடைசி இரண்டு அடுக்குகளையும் அவற்றின் கீழுள்ள திரிக எலும்பையும் ஒட்டி வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, உடலிலேயே தடித்த நரம்பாகக் காலுக்குள் இறங்குகின்றன. அந்த வேர்களில் ஒன்று நசுங்கினாலோ அழற்சி கண்டாலோ வலி காலில் தெரியும். பழுது முதுகில் இருக்கும். ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களிலும் நாள் முழுவதும் தறியில் குனிந்திருப்போருக்கு இடுப்பு வலியும் கால் குடைச்சலும் பழகிப்போனவை. இவர்களுக்கான சிகிச்சை மருத்துவமனையோடு நின்றுவிடாமல் தறிக்குழி வரை செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் மூலத்தை மருத்துவம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. இது மூட்டு வலியன்று, நரம்பு வலி என்று நேப்பிள்ஸ் மருத்துவர் டொமெனிகோ கொட்டூனியோ 1764இல் பிரித்துக் காட்டினார். முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பான்மைக் காரணம் என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் நிறுவினர். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். வட்டின் வெளிவளையம் நார்களால் ஆனது. உள்ளே பசைபோன்ற கரு இருக்கிறது. வளையம் கிழிந்து கரு வெளியேறும்போது நரம்பை அழுத்துவதோடு, அதைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகிறது. சிறிய பிதுக்கம்கூடச் சிலரைப் படுக்கையில் தள்ளுவதற்கு இந்த அழற்சியும் ஒரு காரணம்.

மற்றக் காரணங்களும் உண்டு. வயதானோருக்குத் தண்டுவடக் குழாய் குறுகி நரம்பு நெருக்குண்ணும். இவர்களுக்கு நடந்தால் கால் கடுக்கும், முன்குனிந்து உட்கார்ந்தால் இதமாக இருக்கும். அதனால் தெருவில் நடக்க முடியாத முதிய நெசவாளர் தறியில் மட்டும் வலியின்றி உட்காரக்கூடும். அதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் நழுவுவதும், புட்டத்தின் ஆழத்திலுள்ள தசை இறுகுவதும் இதே வலியைத் தரும். இந்தியச் சூழலில் முதுகெலும்புக் காசநோயை ஒருபோதும் மறக்கலாகாது. உடனே குணமாக வேண்டும் என்று கேட்டுப் போட்டுக்கொள்ளும் புட்டத்து ஊசி, மேல்புற வெளிப்பகுதியை விட்டுத் தவறிய இடத்தில் இறங்கினால், இந்த நரம்பையே நேரடியாகக் காயப்படுத்தும்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அதை நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு வேலை செய்கிறார். பின்னால் சாய ஏதுமில்லை. இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிய வேண்டியிருப்பதால் பார்வை எப்போதும் பண்ணைக்கு (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்புக்கு) முன்னால் இருக்கிறது; கழுத்தும் முதுகும் முன்னோக்கி வளைகின்றன. சேலையின் பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் அந்தப் பாரத்தைத் தூக்குவது காலால் அழுத்தும் மிதி. பெரும்பாலும் ஒரே கால் அதை அழுத்துவதால், ஒரு சேலை முடிவதற்குள் ஆயிரக்கணக்கான முறை இடுப்பு ஒருபக்கமாகச் சாய்கிறது. புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கும் நாட்களில் குனிவு இன்னும் கூடும்.

இங்கே ஒரு தடை எழுகிறது. நின்றிருப்பதைவிட உட்கார்ந்திருக்கும்போது வட்டின் அழுத்தம் அதிகம் என்று சுவீடனின் நாகெம்சன் 1960களில் அளந்து சொன்னார். பாடநூல்கள் அதையே திரும்பச் சொல்லின. 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் குழுவினரும் அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் அப்படி உயரவில்லை. ஆகவே உட்காருவதே நோயைத் தருகிறது என்பது நிலைக்காது. வயது, பரம்பரை, புகைப்பழக்கம், உடற்பருமன் ஆகியவற்றின் பங்கும் உண்டு. ஆனால் குழித்தறியில் நிகழ்வது தளர்வான அமர்வன்று. குனிவும் ஒருபக்க உந்தலும் மணிக்கணக்கில் சேருகின்றன. வட்டுக்குச் சுமையாவது இந்தச் சேர்க்கைதான் என்று கொள்வதே பொருத்தமானது.

சிகிச்சை தேடுவதில் உள்ள தாமதத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். கூலி சேலைக்கு, நாளுக்கு இல்லை. தறி வீட்டிலேயே இருப்பதால் விடுப்பு என்ற ஒன்றும் இல்லை. முகூர்த்த மாதங்களும் தீபாவளியும் நெருங்கும்போது தறியை நிறுத்தினால் வீட்டு வருமானம் நின்றுவிடும். எனவே தைலம், நொச்சி இலை ஒற்றடம், சுளுக்கு வழிப்பது, மருந்துக் கடை மாத்திரை என்று வாரங்கள் கழிகின்றன. ஒற்றடமும் தைலமும் தசைப்பிடிப்பைத் தளர்த்தும், தீங்கில்லை. காலில் வலு குறைந்தபின் இடுப்பை முறுக்கி வழிப்பது ஆபத்து.

வலு குறைவதை நெசவாளர் தாமே அறிய முடியும். முன்பு எளிதாக இறங்கிய மிதி இப்போது அழுந்தாமல் போனாலும், நுனிக்காலில் நிற்க முடியாவிட்டாலும் திரிகத்தின் முதல் வேர் பாதிப்பைச் சந்தேகிக்கலாம். நடக்கையில் செருப்பின் முனை தரையில் தட்டினால், குதிகாலில் நிற்க இயலாவிட்டால், அதற்கு மேலுள்ள வேர். மருத்துவர் நோயாளியைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பார். 70 பாகைக்குள் வலி பாதத்தை நோக்கி ஓடினால் வேர் அழுந்துகிறது என்பதற்கு அது வலுவான குறி.

எம்.ஆர்.ஐ. படத்தைத் தீர்ப்பாக எண்ணுவது பரவலான பிழை. முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் படமெடுத்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வட்டு உப்பியிருந்தது. படம் அறிகுறியோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தானாகவே தணிகிறது. படுத்தே கிடப்பதால் பயனில்லை என்று 1999இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. முன்கூட்டி அறுவை செய்துகொண்டோரையும் பொறுத்திருந்தோரையும் ஒப்பிட்ட அந்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், அறுவை வலியை விரைவில் குறைத்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆனால் பொறுத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவைக்குச் சென்றனர். எனவே விரைந்த நிவாரணம் யாருக்குத் தேவை என்பது அவரவர் வாழ்வைப் பொறுத்தது. தறி நின்றால் சோறு நிற்கும் குடும்பத்துக்கு அந்த வேகத்தின் மதிப்பு வேறு. அதை மருத்துவர் மதித்தாக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள்ளன. சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது அறியாமல் போதல், மலவாயையும் உள்தொடையையும் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களும் தளர்தல் ஆகியவற்றுக்கு அன்றே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரவுக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். ஆரணி அரசு மருத்துவமனையும், அதற்கு மேல் திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரிகளும், வேலூர் சி.எம்.சி.யும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நெசவாளருக்கு வீடுதான் பணியிடமும் என்பதால் இத்திட்டத்தின் பயன் இங்கே இரட்டிப்பாக வேண்டும்.

வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் தறிக்குழியையும் பார்க்கட்டும். இருக்கையை உயர்த்தி, முன்பக்கம் சற்றே சரிந்த திண்டு வைத்தால் முழங்கால் இடுப்புக்குக் கீழே தாழும். முதுகின் வளைவு குறையும். மிதியின் உயரத்தை அவரவர் கால் நீளத்துக்கு ஏற்பக் கட்டலாம். சில ஊடைநூல் தார்களுக்கு ஒருமுறை குழியை விட்டு ஏறி, நின்று, முதுகைப் பின்னுக்கு வளைப்பது பழக்கமாக வேண்டும். ஜக்கார்டு பாரத்தை மோட்டார் தூக்கினால் காலின் சுமை பெருமளவு குறையும். தறிக் கருவிகளின் விலையில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் இத்தகைய உதவியை, உற்பத்தியைப் பெருக்கும் வழியாக மட்டும் கருதாமல், முதுகு பழுதான நெசவாளருக்கு முதலில் கிடைக்கும்படி பரிந்துரைக்க வேண்டும். மருத்துவரும் தம் சீட்டில் மாத்திரைக்கு அடுத்த வரியில் மிதியையும் இருக்கையையும் எழுத வேண்டும்.