இடைவெளியை நிரப்பிய இசையும் 'கோ-கோ' என்ற சொல்லும்

வாஷிங்டன் நகரத்து ட்ரபிள் ஃபங்க் குழு 1981இல் இரட்டை இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்த தட்டு. நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே உருப்படி. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே எடுத்தார்கள் என்று கோடு கிழிக்க முடியாது. கீபோர்டு ஓய்ந்தாலும் கொங்கா ஓய்வதில்லை. பேஸ் கிதார் வாசிக்கும் 'பிக் டோனி' ஃபிஷர் கூட்டத்தைப் பார்த்துக் கூவுகிறார். கூட்டம் பதில் கூவுகிறது. அந்தப் பதிலும் தாளத்துக்குள்ளேயே விழுகிறது. இந்த இசைக்குத்தான் 'கோ-கோ' என்று பெயர்.

சொல்லின் வேர் அமெரிக்காவில் இல்லை. 'ஆ கோகோ' என்றால் பிரெஞ்சில் வேண்டிய மட்டும், அள்ள அள்ள என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாரிஸில் 'விஸ்கி ஆ கோகோ' என்றொரு நடன விடுதி இருந்தது. அதே பெயரில் 1964 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விடுதி திறந்தார்கள். அங்கே ஆடிய பெண்களால் 'கோ-கோ' நாடெங்கும் பரவியது. 1965இல் ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு பாடிய 'கோயிங் டு எ கோ-கோ' பாட்டின் தலைப்பைப் பாருங்கள். கோ-கோ என்பது அதில் ஓர் இடம். சனங்கள் போய் ஆடும் இடம். வாஷிங்டனின் கறுப்பின இளைஞர்கள் வாயிலும் முதலில் அந்தப் பொருளில்தான் வழங்கியது. அங்கே எந்த இசை ஒலித்தாலும் அந்த இடம் கோ-கோதான்.

இடத்தின் பெயரை இசையின் பெயராக்கியவர் சக் பிரவுன். 1936இல் வட கரோலினாவில் பிறந்தவர். லார்ட்டன் சிறையில் இருந்தபோது சிகரெட் பெட்டிகளைக் கொடுத்து ஒரு கிதார் வாங்கி வாசிக்கக் கற்றார். எழுபதுகளில் டிஸ்கோ வந்தது. இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றும் டி.ஜே. நடனத்தை நிறுத்துவதே இல்லை; மேடைக் குழுவோ பாட்டுக்குப் பாட்டு நிற்கும், அந்த இடைவெளியில் ஆடுபவர்கள் கலைந்துவிடுவார்கள். பல குழுக்களின் பிழைப்பு போனது. பிரவுன் கண்ட வழி எளிமையானது, அபாரமானது: பாட்டு முடிந்தாலும் தாளத்தை முடிக்காதே. டிரம்ஸும் கொங்காவும் மாட்டுமணியும் அசைந்தாடும் ஒரு நிதான நடையில் ஓடிக்கொண்டிருக்க, அவர் பேசுவார், எதிரே நிற்பவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார், அப்படியே அடுத்த பாட்டுக்குள் நுழைவார். 1979இல் அவருடைய 'பஸ்டின் லூஸ்' கறுப்பினத்தார் இசைக்கான தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

இசை நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் கோ-கோ என்று பெயர் என்பார் பிரவுன். சொல் பிறந்த கதை அதுவல்ல; விடுதிகளின் பெயர் அதற்கு முந்தியது. ஆனாலும் அவர் விளக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் எண்ணம். லாஸ் ஏஞ்சலிஸின் கோ-கோ அறுபதுகளோடு பழசாகிவிட்டது. வாஷிங்டனில் சொல் பிழைத்ததற்குக் காரணம், இசை அதற்குப் புதிய பொருள் கொடுத்ததுதான். பிரெஞ்சுக்காரர் சொன்ன 'வேண்டிய மட்டும்' இங்கே தாளத்துக்கு ஆகிவந்தது.

இந்தப் பொருளை ஸ்டூடியோ பதிவில் காட்டுவது கடினம். வானொலிக்காக நான்கு நிமிடத்துக்கு நறுக்கிய பாட்டில் கோ-கோவின் நடை இருக்கும், ஓட்டம் இருக்காது. ஸ்பைக் லீயின் 'ஸ்கூல் டேஸ்' படத்துக்காக ஈ.யூ. குழு பாடிய 'டா பட்' 1988இல் நாடு முழுக்க ஒலித்தது உண்மை. அப்படி எல்லை தாண்டியவை சிலவே. வாஷிங்டன் ரசிகர்கள் தேடி வாங்கியது 'பி.ஏ. டேப்'களை. அரங்கின் ஒலிக்கலவை மேசையிலிருந்தே நேராகப் பதிந்த கேசட்டுகள் அவை. ரேர் எசென்ஸ் போன்ற குழுக்களின் புகழ் கைமாறிய அந்த நாடாக்களில் வளர்ந்தது. ஓர் இரவின் கேசட்டில் உன் தெருப்பெயரைப் பாடகர் கூவியிருந்தால் அந்த இரவு உனக்குச் சொந்தம். பிற இசைகளில் மேடைப்பதிவு ஸ்டூடியோ தட்டுக்குப் பின் வரும் உபரி. கோ-கோவில் அதுவே மூலம்.

2019இல் வாஷிங்டனின் ஷா பகுதியில் ஒரு செல்போன் கடை வாசலில் பல ஆண்டுகளாக ஒலித்துவந்த கோ-கோவை நிறுத்தச் சொன்னார்கள். நகரம் தெருவில் இறங்கியது. சில நாளில் இசை திரும்பியது. 2020 பிப்ரவரியில் மேயர் மியூரியல் பௌசர் கோ-கோவை வாஷிங்டனின் அதிகாரபூர்வ இசையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தில் அது இசையின் பெயர். ஊர்க்காரர்கள் பேச்சில் கச்சேரிக்கும் அதே பெயர்தான்: சனிக்கிழமை ராத்திரி அவர்கள் போவது கோ-கோவுக்கு.