இரவில் காணும் கருவிகள்: பிம்பப் பெருக்கிக் குழாயின் வளர்ச்சி

இரவில் காணும் கருவிகளைப் பற்றி எழுதுவோர், எந்தப் போர்முனையில் எந்தத் துப்பாக்கியின்மேல் அவை பொருத்தப்பட்டன என்பதையே விஸ்தாரமாக வர்ணிப்பது வழக்கம். ஆயினும் அக்கருவி அடைந்த மாற்றங்களை வரிசையாக நோக்குமிடத்து, ஒவ்வொன்றுக்கும் மூலகாரணம் ஒரு புதிய படலமோ புதிய கண்ணாடியோதான் என்பது புலனாகும்.

ஒளி பட்ட உலோகம் மின்துகளை உமிழும் என்னும் விளைவை 1887-இல் ஹெர்ட்ஸ் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதற்கு விளக்கம் தந்தார். வெள்ளி, ஆக்ஸிஜன், சீஸியம் ஆகியவை கூடிய படலம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளிக்கும் எலக்ட்ரான்களை உமிழ்வது தெரிந்த பின்னர், 1934-இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹோல்ஸ்டும் அவருடைய சகாக்களும் அத்தகைய படலத்தையும் ஒளிர்திரையையும் ஒரே வெற்றிடக் குழாயில் எதிரெதிராக அமைத்து, காணாத ஒளியைக் காணும் பிம்பமாக மாற்றிக் காட்டினர்.

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் ஜெர்மானியரின் ‘வாம்பிர்’ கருவியும், 1945-இல் ஒகினாவாத் தீவில் அமெரிக்கர் கையாண்ட துப்பாக்கிக் கருவியும் இம்முறையைச் சார்ந்தவையே. இவற்றுக்கு அகச்சிவப்பு விளக்கு ஒன்று உடனிருந்தே ஆகவேண்டும். அதே வகைக் கருவி எதிரியிடமும் இருந்துவிட்டால் அவ்விளக்கே ஏந்தியவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கை நீக்கி விண்மீன்களின் ஒளியைக் கொண்டே காண்பதற்கு இரண்டு சாதனைகள் வழிவகுத்தன. சோடியம், பொட்டாசியம், சீஸியம், ஆன்டிமனி சேர்ந்த படலத்தை 1955-இல் சோமர் வெளியிட்டார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் சேர்ந்து 1954-இல் விவரித்த கண்ணாடி இழைக்கற்றைகளின் வழியே வளர்ந்த இழைத்தகடுகளோ, ஒரு குழாயின் பிம்பத்தைச் சிதையாமல் அடுத்த குழாய்க்குக் கடத்தின. இவ்வாறு மூன்று குழாய்களைத் தொடுத்த கருவி வியத்நாம் யுத்தத்தில் பயன்பட்டது. ஆனால் அது நீண்டும் கனத்தும் இருந்ததோடு, எதிரே பிரகாசமான வெளிச்சம் தோன்றினால் பிம்பம் முழுவதும் வெளுத்துவிடும்.

இக்குறையைத் தீர்த்த நுண்துளைத் தகட்டையே இச்சரித்திரத்தின் சிகரமாக நான் கருதுகிறேன். உள்ளீடு கரையும் கண்ணாடியாலும் உறை ஈயக் கண்ணாடியாலும் ஆன கம்பியை இழையாக இழுத்து, இழைகளைக் கற்றையாக்கி மறுபடியும் இழுத்து, உருக்கி ஒட்டவைத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து, உள்ளீட்டை அமிலத்தில் கரைத்தால், ஒவ்வொரு வில்லையிலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே குறுக்களவுள்ள லட்சக்கணக்கான துளைகள் உண்டாகும். அதன்பின் ஹைட்ரஜன் வாயுவில் சூடேற்றத் துளைச்சுவர் சிறிதளவு மின்கடத்தும் தன்மை பெறும். தகட்டின் இருபுறமும் மின்னழுத்தம் தந்தால், சற்றே சாய்ந்த அத்துளையுள் புகும் ஓர் எலக்ட்ரான் சுவரில் மோதி மோதி ஆயிரக்கணக்காகப் பெருகி வெளிவரும். அன்றியும், அதீத ஒளி பட்ட துளைகள் மாத்திரமே தம் எல்லையை எட்டி நின்றுவிட, மற்றவை வழக்கம்போல் இயங்குகின்றன. குழாய் குறுகியதால், தலையில் அணியும் கண்ணாடியாக இக்கருவி 1970-களில் வடிவெடுத்தது.

அடுத்த தலைமுறைக்கு வித்திட்டது, 1965-இல் ஷேர், வான் லார் ஆகியோர் சீஸியம் பூசிய காலியம் ஆர்சனைடு படிகத்தில் கண்ட அபார உமிழ்திறனே. தகட்டிலிருந்து திரும்பிப் பாயும் அயனிகள் அப்படிகத்தைக் கெடுக்காவண்ணம் அலுமினிய ஆக்ஸைடுத் திரை ஒன்றை இடையிட வேண்டியதாயிற்று. ஆயுள் நீண்டது, எனினும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதியை அத்திரையே விழுங்கிவிடுகிறது.

யுத்தத்துக்குப் புறம்பாகவும் இக்குழாய் அரும்பணி ஆற்றியுள்ளது. அமெரிக்காவில் கென்ட் ஃபோர்டு, தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியில் பிம்பக் குழாயைப் பொருத்தி, மங்கிய ஒளியைப் பதிய வேண்டிய காலத்தைப் பெருமளவு குறைத்தார். அதைக் கொண்டு அவரும் வேரா ரூபினும் ஆந்திரமீடா மண்டலத்தின் வாயுத் திரள்களை அளந்து, மையத்தினின்று வெகுதூரம் விலகியவற்றிலும் சுழலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 1970-இல் வெளியிட்ட முடிவு, காணப்படாத பருப்பொருள் உண்டென்னும் கொள்கைக்குப் பிரதான ஆதாரங்களுள் ஒன்றாயிற்று.